கண் பரிசோதனை என்று அழைத்துப்போன மகனுக்கு

அருளுக்கு, அம்மா எழுதுவது.

இதை உனக்கு மட்டும் எழுதி, உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை என்னிடம் சொல்வதற்கு முன்னால் உன் மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னாய், மாதா கோயில் சாமியாரிடம் சொன்னாய், எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி கேட்டாய். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்கு மட்டும் எதற்கு ஒட்டிய உறை? நம் பங்குக் கோயிலின் மாத இதழுக்குத்தான் இதைக் கொடுக்கப்போகிறேன், உனக்கு ஒரு நகல் முன்னாலேயே தபாலில் வரும். கோபத்தில் எழுதவில்லை என்று ஆரம்பிக்க ஆசைதான். அது பொய்யாகிவிடும். இந்தக் கடிதத்தில் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஏன் அப்படி ஒரு முடிவு என்பது படிக்கப் படிக்க உனக்கே புரியும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நீ ஓசூரிலிருந்து காரில் வந்து இறங்கினாய். வந்தவன் காபிகூடக் குடிக்கவில்லை. "கெளம்பும்மா, கள்ளக்குறிச்சில கண்ணு டெஸ்ட்டு எடுக்கறாங்க. நீ புஸ்தகத்த மூக்குக்கிட்ட வச்சிக்கினு படிக்கற, பார்த்தாலே பயமா இருக்குது" என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மகன் லீவு போட்டு வந்து அம்மாவின் கண்ணைக் கவனிக்கிறான் என்று கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோட்டோரக் கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன், கண் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று உனக்குக் காட்ட. நீ சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அதிகம், அதனால்தான் நீ பேசாமல் ஓட்டுகிறாய் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் என்னைத் தனி அறையில் உட்கார வைத்தாள். சுவரில் எழுத்துப் பலகை இல்லை. கண்ணில் ஒரு விளக்குகூட அடிக்கவில்லை. இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டாள். வருகிறவர்களிடம் சும்மா பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்துப் பதில் சொன்னேன். "இது எந்த மாவட்டம்மா?" என்றாள். "விழுப்புரம்" என்றேன். அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். உனக்குத்தான் தெரியுமே, ஊர்ப்புற நூலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் என் கையால் புத்தகங்களில் அடித்த முத்திரை 'விழுப்புரம் மாவட்டம்' என்பது. அதற்கு முன்னால் அடித்தது தென்னாற்காடு. கள்ளக்குறிச்சி என்று புது முத்திரை வந்து அதன் மை ஊறுவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டை விட்டு ஓர் அடி நகராமல் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவளிடம் இப்படி ஒரு கேள்வி. ஒரு நொடி யோசித்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். யோசிக்க வேண்டிய இடம் அது என்றே யாரும் சொல்லவில்லையே.

பிறகு மூன்று வார்த்தைகள் சொன்னாள்: பூட்டு, எலுமிச்சை, ரயில். கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், கழித்தேன். கடைசியில் அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டாள். பூட்டு வந்தது, எலுமிச்சை வந்தது, மூன்றாவது வரவில்லை. இன்னும் ரயில் வந்து நிற்காத ஊர்க்காரி, எனக்கு எப்படி வரும் என்று இப்போது கேலியாக எழுதலாம். அன்றைக்கு வேர்த்துவிட்டது. கண் பரிசோதனைக்கு எதற்கு இதையெல்லாம் கேட்கிறாள் என்று மனம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மறந்தேன் என்பது உண்மை. ஏன் மறந்தேன் என்பது எனக்கே தெரியாது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

திரும்பி வரும்போது, "கண்ணு எப்டி இருக்குதாம்டா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குதாம்மா. கொஞ்சம் காய்ஞ்சி போயிருக்குதாம், சொட்டு மருந்து உட்டா போதுமாம்" என்றாய். சொன்னதோடு நிற்காமல் மருந்துக் கடையில் காரை நிறுத்தி ஒரு சொட்டு மருந்தும் வாங்கிக் கொடுத்தாய். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பதினைந்து நாள், தலையை அண்ணாந்து, ஒரு கையால் இமையைப் பிரித்துப் பிடித்து, கண்ணில் விடுவதைக் காதோரம் விட்டு, மறுபடி விட்டு, அந்த மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன் அருள். ஒரு வேளைகூட மறக்கவில்லை. நீ சொன்ன பொய்யைவிட அந்தச் சின்னப் புட்டிதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. பொய் வாய் தவறி வந்துவிடும். மருந்துக் கடையில் காரை நிறுத்த, இறங்கிப்போய்க் கேட்க, பொட்டலத்தோடு திரும்பிவர நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் நான் காரில் உட்கார்ந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு கோயில் பூசையில் பைபிளின் முதல் வாசகம் படிக்கிற முறை எனக்கு. பூசைக்கு முன்னால் வாசகப் புத்தகத்தை எடுக்கப் போனேன். பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "லைப்ரரிம்மா, இன்னிக்கி நம்ம பவுலினு படிக்கட்டும்ங்க. ஒங்களுக்கு ரெஸ்ட்டு குடுக்கச் சொல்லி சாமியாரு சொன்னாரு" என்றாள். "எனக்கு இன்னாத்துக்குடி ரெஸ்ட்டு? நேத்து ரெண்டு தரம் படிச்சிப் பாத்துக்கினுதான வந்தேன்" என்றேன். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "ஒங்க பையன் போன் பண்ணாராம்ங்க. ஒங்களுக்கு மறதி நோயாமே. டெஸ்ட்டுல வந்துச்சாமே. தெரியாதாம்மா ஒங்களுக்கு?" அவள் கேட்டதில் துளி கெட்ட எண்ணம் இல்லை. பயந்துபோய்த்தான் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியும்டி, மறந்துட்டேன்" என்றேன். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பவுலின் நன்றாகத்தான் படித்தாள். ஓர் இடத்தில் இரண்டு வரி விட்டுவிட்டாள். யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானம் உனக்குப் போன் போட்டேன். நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும். எனக்கும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறேன். "இன்னாத்துக்குடா சாமியாருக்குச் சொன்ன?" என்று கேட்டேன். "நீ பீடத்துல நின்னுக்கினு எந்த வரின்னு தெரியாம முழிச்சா, நாலு பேரு சிரிப்பாங்கம்மா. ஒனக்கு அசிங்கம் வரக்கூடாதுன்னுதான்" என்றாய். "சிரிச்சா நான் பாத்துக்கறேன். எங்கிட்ட ஏண்டா சொல்லல?" "சொன்னா நீ பயப்படுவன்னு டாக்டரு..." "டாக்டரு சொல்லச் சொன்னாரா, சொல்லாதன்னாரா?" நீ பேச்சை மாற்றி, வர்ற மாசம் ஓசூருக்கு வந்துடு, வூட்ட வாடகைக்கு வுட்டுடலாம், வேன் பேசியாச்சு என்றாய். என் வீட்டைப் பற்றி எனக்கு முன்னால் வேன்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கத்த ஆரம்பித்தபோதுதான் நீ அதைச் சொன்னாய்: "எனக்கு இன்னிக்கி நேத்திக்கி சந்தேகம் இல்லம்மா. என் கல்யாணத்துக்குப் பெரியப்பாவையே கூப்ட மறந்தவ நீ. அப்பவே எனக்குத் தெரியும்." நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நீ ஜெசிந்தாவிடம் சொல்லியிருப்பாய். கோபம் இல்லை. பெரியப்பா பெயரைக் கேட்டதால் வைத்தேன்.

மறுநாள் பஸ் ஏறி அந்த மருத்துவமனைக்குப் போனேன். என் சோதனைத் தாள் வேண்டும் என்று கேட்டேன். "பேஷண்ட்டு கூட யாரு வந்திருக்கீங்க?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "பேஷண்ட்டும் நான்தான். கூட வந்திருக்கறதும் நான்தான்" என்றேன். சிரித்துவிட்டு நகல் எடுத்துக் கொடுத்தாள். என் பதில்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நோயாளியை நெருக்கமாக அறிந்தவர் நிரப்ப வேண்டிய படிவம். அதில் உன் கையெழுத்து. சின்ன வயதில் 'அ'வின் சுழியை நீ பெரிதாகப் போடுவாய், நான் திருத்தித் திருத்திப் பார்த்தேன், இன்னும் அப்படியேதான் போடுகிறாய். அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டு, பால் பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை என்று எழுதியிருந்தாய். நாள், தேதி குழம்புகிறாரா: ஆம். 'கிறிஸ்துமசுக்கு வந்தபோது அப்பாவிடம் தேதியை மாற்றிச் சொன்னதால், பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்றேன்' என்று எழுதியிருந்தாய். நெருங்கிய உறவினரை மறக்கிறாரா: ஆம். 'என் திருமணத்துக்கு என் சொந்தப் பெரியப்பாவை அழைக்க மறந்தார்' என்றும் இருந்தது. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா: ஆம். இதற்கு மட்டும் நீ உதாரணம் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். எப்ப வர்ற, எப்ப வர்ற என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறேன். பதில் வந்திருந்தால் ஒருமுறைதான் கேட்டிருப்பேன்.

மற்ற மூன்றையும் அந்த மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி மூன்று முறை படித்தேன். மூன்றும் நடந்தவை. நீ ஒன்றைக்கூடக் கற்பனை செய்யவில்லை. ஆனால் அருள், அந்த மூன்றில் எதையும் நான் செய்யவில்லை. மூன்றையும் செய்தவர் உன் அப்பா.

உனக்கு நான் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். உன் அப்பா இறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பிருந்தே அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிவு செய்கிற வேலையில் இருந்தவர் அவர். எந்தக் கழனியில் யார் எந்த மாதம் நட்டார்கள் என்று தாளைப் பார்க்காமல் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் வழியில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, எங்கரும்பு எப்ப வெட்டு வரும்?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து நீ போனில் இருந்தாய். "இன்னாம்மா சத்தம்?" என்றாய். அவர் வாசலில் நின்று கருகிய பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி. "நாந்தாண்டா அடுப்புல வச்சிட்டு மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். முதல் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. கிறிஸ்துமசுக்கு உன்னை அழைத்துவரக் கிளம்பியவர் எதற்குக் கிளம்பினோம் என்பது தெரியாமல் பாதியில் திரும்பி வந்து சட்டையைக் கழற்றிப் போட்டபோது, "நாந்தான் தேதிய மாத்திச் சொல்லிட்டேன்" என்பது இன்னும் சுலபமாக வந்தது.

கல்யாணப் பத்திரிகை விஷயம் அப்படிச் சுலபம் இல்லை. குடும்பத்தில் மூத்தவருக்குத்தான் முதல் பத்திரிகை வைக்க வேண்டும். பட்டியலில் முதல் பெயராகப் பெரியப்பாவைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன். களமருதூருக்குத் தனியாகப் போய் அண்ணனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று உன் அப்பா விடியற்காலையில் கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்து, அண்ணன் சந்தோஷப்பட்டார், பலகாரம் கொடுத்தார் என்றார். நான் நம்பினேன். அதே வாரம் ஸ்டெல்லா வீட்டுக்கு மூன்று முறை பத்திரிகை போயிருக்கிறது. அவள் அம்மா, "இன்னாங்க, ஒரே கல்யாணத்துக்கு மூணு பத்திரிகயா? மூணு தரம் வந்து சாப்பிடணுமா?" என்று கேலி பேசினாள். நானும் சேர்ந்து சிரித்தேன். கல்யாணம் முடிந்த நான்காம் நாள் அவர் தோள்பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் பெரியப்பா பெயர் எழுதிய பத்திரிகை மடங்கிக் கிடந்தது. கூடவே உலர்ந்துபோன வெற்றிலை. அவர் அன்றைக்கு எங்கே போனார், யாரிடம் பலகாரம் சாப்பிட்டார், எனக்கு இன்றுவரை தெரியாது.

நீ கோபமாகக் கேட்டாய், "பெரியப்பா ஏம்மா வரல?" என்று. பட்டியல் எழுதும்போது நான்தான் விட்டுவிட்டேன் என்றேன். களமருதூருக்குப் போய்ப் பெரியப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "எந்தம்பி அப்டிப் பண்றவன் இல்ல. நீ வோணும்னே பண்ணியிருக்க. படிச்ச பொம்பளைல்ல, மறந்துட்டேன்னா நம்பிடுவமா?" என்றார். அவருக்கு நான் மறக்கக்கூடியவளே இல்லை, வஞ்சகி. உனக்கு நான் மறதிக்காரி. அந்த இரண்டு பட்டத்தையும் எனக்கு வாங்கிக்கொண்டவள் நான்தான். இன்று வரை அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

ஒருநாள் உன் அப்பா சொல்லாமல் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிக் கல்வராயன் மலைக்கே போய்விட்டார். திரும்பத் தெரியவில்லை. நம் ஊர்க் கண்டக்டர் அடையாளம் கண்டு கடைசி பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு நீ போன் செய்தபோது, "ரெண்டு பேரும் மலைக்குப் போய் அருவி பாத்துட்டு வந்தம்டா" என்றேன். "ஜாலியா சுத்தறீங்க" என்று சிரித்தாய். உன் சிரிப்பைக் கேட்டபோது, நான் சொன்னதுபோலவே நடந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிற நர்ஸ் ஒருமுறை அவரிடம் பேசிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தாள். "அக்கா, இவருக்கு ஞாபகம் சரியில்ல. ஒருவாட்டி கூட்டிக்கினு போய் டெஸ்ட்டு எடுத்துடுங்க. இப்பவே தெரிஞ்சா நல்லது" என்றாள். நான் அவளைத் திட்டினேன். "எங்க வூட்டுக்காரருக்குப் பைத்தியம்னு எழுதப் பாக்கறியா? ஊசி போட்டமா போனமான்னு இரு" என்றேன். அப்புறம் அவள் நம் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. சோதனையில் என்ன வந்துவிடும், மருந்து இல்லாத நோயைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது, ஆலையில் அவரிடம் வேலை பார்த்தவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன். அவருக்குத் தினமும் ஒரு பிரஷர் மாத்திரை உண்டு. "சாப்ட்டீங்களா?" என்று கேட்பேன். "ம், சாப்ட்டேன்" என்பார். நம்பிவிடுவேன். மறக்கிறவர் என்று ஒத்துக்கொண்டிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். மாத்திரையை என் கையால் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். அவர் கை கால் விழுந்த அன்று ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளையில் பழைய சின்னச் சின்ன அடைப்புகள் இருக்கின்றன, பிரஷர் கட்டுக்குள் இல்லை என்றார். "இதுக்கு முன்னாடி ஞாபக மறதி ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். "இல்லீங்க" என்றேன்.

ஆக, உன்னை ஏமாற்றுவதை நான்தான் முதலில் ஆரம்பித்தேன். உன் அப்பாவை முழுதாக இருக்கும்போதே வந்து பார்க்க, வெள்ளிமலைக்கு நிஜமாகவே ஒருமுறை கூட்டிப்போக, உனக்கு இரண்டு வருடங்கள் இருந்தன. அவற்றை நான் உனக்குத் தரவில்லை. அந்தச் சொட்டு மருந்தை நினைக்கும்போது எனக்கு இருப்பதுபோல இதைப் படிக்கும்போது உனக்கும் இருக்கும். இருக்கட்டும். ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழித்துக்கொள்ளாதே. நான் செய்தது தப்பு என்பதால் நீ செய்தது சரியாகிவிடாது. நான் ஒருவருடைய நோயை யாருக்கும் தெரியாமல் மறைத்தேன். நீ, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு நோயை எல்லோருக்கும் சொல்லி, எனக்கு மட்டும் மறைத்தாய்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் நகல் வாங்கிய அன்று ஒரு டாக்டர் பெண் என்னை உட்காரவைத்துப் பேசினாள். உன்னிடம் பேசியதும் அவள்தானாம். "மாவு சலிக்கறப்ப சல்லடைல நிக்கறதெல்லாம் புழுவாம்மா? அரைபடாத கப்பியும் நிக்கும்ல? இது சல்லடை மாதிரிதான். நிக்கறத எடுத்து அப்புறமா தனியா பாக்கணும். ஒங்க பையன்கிட்ட இத சொன்னனே" என்றாள். நீ முதல் பாதியோடு எழுந்து வந்துவிட்டாய் போலிருக்கிறது. தைராய்டு குறைந்தாலும், ஒரு வைட்டமின் குறைந்தாலும், காது சரியாகக் கேட்காவிட்டாலும், தூக்கம் இல்லாவிட்டாலும், துணை இழந்த வருத்தத்தில் இருந்தாலும் இந்தச் சோதனையில் மதிப்பெண் குறையுமாம். அவற்றில் பலவற்றைச் சரி செய்யலாமாம். அது எதுவும் இல்லை, நோயேதான் என்று வந்தால் என்று கேட்டேன். முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை, ஆனால் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கலாம், எங்கே இருப்பது யாரோடு இருப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம், அந்த அவகாசம் கிடைக்கும் என்றாள். "யாருக்கும் தொந்தரவு இல்லாதப்ப சும்மா எல்லாருக்கும் இந்த டெஸ்ட்டு எடுக்கறது நல்லதா?" என்று கேட்டேன். "அதுல எங்களுக்குள்ளயே சண்டை உண்டும்மா" என்று சிரித்தாள். "ஆனா ஒண்ணு. எடுத்துக்கறவங்களுக்குத் தெரியாம எடுக்கக்கூடாது. அதுல சண்டையே இல்ல. ஒங்களுக்குத் தெரியும்னு ஒங்க பையன் கையெழுத்துப் போட்டாரு." அந்த வரியையும் அவள் தாளில் காட்டினாள்.

உனக்குச் சொல்ல எனக்கு இருக்கிற புத்திமதி இதுதான். ஒருவர் பயப்படுவார் என்று நினைத்து ஒரு விஷயத்தை மறைக்கும்போது, பயப்படுவது பெரும்பாலும் நாமாக இருக்கும். அப்பாவைப் பற்றி நான் அப்படித்தான் பயந்தேன். நீ சின்னப் பிள்ளையாக ஜுரத்தில் கிடந்தபோது, ஊசி போடும்போது வலிக்காது என்று சொன்னேன். வலித்தது. அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் ஒரு வாரம் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு மூன்று வயது. இப்போது எனக்கு அறுபத்து நான்கு. ஏமாந்தவர்கள் வயது பார்த்து முறைப்பதில்லை. நாளைக்கு ஜெசிந்தாவுக்கோ உனக்கோ ஏதாவது என்றால், முதலில் யாருடைய உடம்போ அவரிடம் சொல். பிறகு சாமியாரிடம் சொல்லலாம். சாமியாருக்கு அவசரம் இல்லை.

இப்போது என்னைப் பற்றி. படிவத்தில் நீ எழுதிய மூன்றும் என்னுடையவை இல்லை. அதனால் நான் நன்றாக இருக்கிறேன் என்று முடிவு கட்டிவிடாதே, நானும் கட்டவில்லை. ரயில் வரவில்லை. மாவட்டம் பழக்கத்தில் வந்த தப்பு, ரயில் அப்படி இல்லை. அதோடு இன்னொன்று, இதுவரை யாரிடமும் சொல்லாதது: இரண்டு மாதம் முன்னால் கள்ளக்குறிச்சியிலிருந்து வரும்போது நம் ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் தெரிந்தது. தூக்கக் கலக்கமாக இருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். நான் இல்லாததை இல்லை என்று சொன்னால், மறைக்கிறாள், அப்பாவுக்காக மறைத்தவள் தனக்காகவும் மறைப்பாள் என்று நீ நினைக்கலாம். நினைக்க உனக்கு உரிமை உண்டு. அதனால்தான் வாயால் சொல்வதை விட்டுவிட்டு முழுச் சோதனைக்கே பதிவு செய்துவிட்டேன். ரத்தம் கொடுத்தாயிற்று. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வேன்காரரிடம் நான் பேசிவிட்டேன், இப்போதைக்கு வர வேண்டாம் என்று. அவர் தங்கமானவர், "பையன் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க, யாரு பேச்ச கேக்கறதுங்க?" என்றார். வீடு யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை நீ வருவதாக இருந்தால் வா. வராவிட்டால் ஸ்டெல்லா வருவாள், அவளே கேட்டுக்கொண்டாள். வந்தால், அங்கேயும் உன்னிடம் ஒரு படிவம் கொடுப்பார்கள். உன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. நான் போனில் சொன்னதை எழுதாதே. கண்ணால் பார்த்தது குறைவாக இருந்தால், குறைவாகவே எழுது, அதையும் டாக்டர் தெரிந்துகொள்ளட்டும். பிறகு நீ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திரு. டாக்டர் முதலில் என்னிடம் சொல்லட்டும். அதைக் கேட்டு நான் அழுவதாக இருந்தால் அங்கேயே அழுது முடித்துவிடுகிறேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் எனக்குச் சொன்னதை ஒரு சொல் குறையாமல் நானே உன்னிடம் சொல்கிறேன்.

அம்மா